மாமா மொண்டு வந்த தண்ணீர்

தொண்ணூற்றொன்றில், தை மாதக் கடைசியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. தாம்பரத்திலிருந்து சேரப்பணஞ்சேரிக்கு டெம்போவில் வந்து இறங்கிய சீர்சாமான்களில் பீரோவையும் கட்டிலையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் அண்ணன் ஆசையாகக் கொடுத்த கண்ணாடித் தொட்டியைத்தான் தெருவே சுற்றி நின்று பார்த்தது. அதில் விட வேண்டிய நீலக் கௌராமி மீன்களைப் பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு கட்டி, பட்டுப்புடவை நனைய நனைய நானே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

“ஏரி முழுக்க மீன் கீது. இத்தப் போயி தாம்பரத்துலேர்ந்து தூக்கினு வர்றாங்களே” என்று பக்கத்து வீட்டுப் பெண் என் காதில் விழவே சொன்னாள்.

நான் வந்து சேர்ந்த வீட்டில் அப்போது இரண்டே பேர். என் கணவரும் அவருடைய அப்பாவும். மாமியார் இறந்து ஒரு வருஷம் நிறையவில்லை. வருஷத்துக்குள் வீட்டில் ஒரு நல்லது நடக்க வேண்டும் என்று உறவுக்காரர்கள் சேர்ந்து அவசரமாகச் செய்து வைத்த கல்யாணம் எங்களுடையது. கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்தால் ஓ.டி., ஓ.டி. முடிந்தால் பஸ் இல்லை. அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்கும் நேரம்தான்.

அதனால் பகல் முழுவதும் நானும் மாமனாரும். அவருக்கு அறுபது வயது இருக்கும். ஒல்லியான, உயரமான மனிதர். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாரென்றால் ஒரு சொல் பேசமாட்டார். மாமியார் போனதிலிருந்து இப்படித்தான் என்றார் கணவர். வந்த புதிதில் என்னிடம் நேராகப் பேசுவதற்கும் அவருக்குக் கூச்சம். மகன் இருந்தால், “அந்தப் பொண்ணாண்ட சொல்லு, மோரு போதும்னு” என்பார். மகன் இல்லாதபோது கொட்டகையில் கட்டியிருந்த பசுவிடம் சொல்வார். “தே, கொடத்த வாசப்படியாண்ட வெக்காதன்னு சொல்லு. காலு இடிக்குது.” நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு குடத்தை நகர்த்தி வைப்பேன். மறுநாள் நகர்த்தி வைத்த இடத்திலும் இடித்துக்கொள்வார்.

மீன்கள்தான் எங்களைப் பேச வைத்தன. கடையில் வாங்கி வந்திருந்த காய்ந்த தீனி அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். ஒரு காலையில் நான் எழுந்து வருவதற்குள் மாமனார் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேலே ஒரு கௌராமி ஒருக்களித்து மிதந்துகொண்டிருந்தது.

“ஏம்மா, இது இன்னாத்துக்குச் செத்துச்சி?”

அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

“காய்ஞ்ச தீனி பத்தல மாமா. உசுரோட இருக்கிற பூச்சி போட்டா நல்லா இருக்கும். எங்க காலேஜ் லேப்ல அதான் போடுவோம்.”

“இன்னா பூச்சி?”

நான் விலங்கியல் படித்தவள். தாம்பரத்துக் கல்லூரியில் மூன்று வருஷம் குட்டைத் தண்ணீரை வடிகட்டி வடிகட்டிப் பார்த்தவள். கடுகில் பாதி இருக்கும், தண்ணீரில் குதித்துக் குதித்துப் போகும், கூட்டமாக இருந்தால் தண்ணீரே லேசாகச் சிவந்து தெரியும் என்று சொன்னேன். டாஃப்னியா என்று பெயரும் சொன்னேன். நம்ம வயலுக்குப் பக்கத்துக் குட்டையில் நிச்சயம் இருக்கும், ஒரு வலை இருந்தால் நானே போய் அள்ளிக்கொண்டு வந்துவிடுவேன் என்றேன்.

“நீ போவாத. புதுசா வந்த பொண்ணு கொளத்தாண்ட நின்னு வலை போட்டா ஊரு சிரிக்கும்” என்றார். கொஞ்சம் யோசித்தார். “நான் போறேன்.”

அவருடைய பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, கம்பி வளையத்தில் பை மாதிரி தைத்துக் கொடுத்தேன். அதைச் சவுக்குக் கழியில் கட்டிக்கொண்டு போனார். வெயில் ஏறி ஒரு அலுமினியக் குண்டான் நிறையத் தண்ணீரோடு திரும்பி வந்தார். உள்ளே குட்டையே இருந்தது. தலைப்பிரட்டை, பாசி, நத்தை, அட்டை, மல்லாந்து நீந்தும் பூச்சி, நீர்த்தேள் ஒன்று, யாரோ போட்ட பீடித் துண்டு.

கல்யாணத்துக்கு வந்த வெள்ளை எனாமல் தட்டு ஒன்றை எடுத்து வந்து, வேப்பமரத்தடியில் வைத்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். வெள்ளையில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மாமனார் குத்துக்காலிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“இதோ பாருங்க மாமா, குதிக்குது பாருங்க, இதுதான் நமக்கு வேணும். இது கொசுப்புழு, இதையும் போடலாம். இந்தச் சிவப்புப் புழு மீனுக்கு அல்வா மாதிரி.”

“இது?”

“அட்டை. எடுத்து வீசிடணும்.”

“இது இன்னா, இம்மா பெரிய கண்ணு?”

“தட்டான் குஞ்சு மாமா. தட்டாம்பூச்சி பறக்கறதுக்கு முன்னாடி தண்ணிக்குள்ளதான் இருக்கும். தாடைய மடிச்சு வச்சிருக்கும். சின்ன மீன் பக்கத்துல வந்தா டக்குனு நீட்டிப் பிடிச்சிடும். இதை மட்டும் உள்ள விடவே கூடாது.”

அவர் அதைக் குச்சியால் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“பொறந்ததுலேர்ந்து அந்தத் தண்ணிலதான் கால் கழுவுறேன். இத்தெல்லாம் உள்ள கீதுன்னு ஒரு நாளு பாக்கலயே” என்றார்.

அன்றைக்குப் பொறுக்கிய டாஃப்னியாவைத் தொட்டியில் விட்டோம். அதுவரை மூலையில் ஒதுங்கிக் கிடந்த கௌராமிகள் சீறிக்கொண்டு வந்தன. மாமனார் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு தினமும் போனார். நான் புத்தகத்தில் படித்ததை அவர் நடந்து போய்க் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். எருமை படுக்கிற மூலையில் பூச்சி அதிகம், வெயில் ஏறினால் அடியில் போய்விடும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தக் கரையில் ஒதுங்கும். எல்லாம் வந்து சொல்வார். டாஃப்னியா என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை. “தெள்ளு” என்று வைத்துக்கொண்டார், நாயின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி மாதிரி குதிப்பதால். நானும் அப்படியே சொல்லத் தொடங்கினேன். பிறகு பேச்சு குட்டையைத் தாண்டிப் போனது. மாமியாருக்கு எந்த வருஷம் என்ன உடம்புக்கு வந்தது, எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை முறை சேர்த்தார்கள், கடைசியில் அவர் என்ன கேட்டார் என்பதையெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். மகனிடம் சொல்லாததையும் சொன்னார் என்று எனக்குப் பின்னால் தெரிந்தது.

தட்டை ஒரு இடத்தில் வைத்துப் பார்க்கமாட்டார். கையில் எடுத்து, முகத்துக்கு நேராகப் பிடித்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டே வருவார். ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று. எவ்வளவு கவனம் என்று நான் நினைத்தேன். என் கல்லூரியில் கூடப் படித்த பெண்கள் யாரும் அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. சாலையில் பஸ் ஓடவில்லை, கம்பெனி மூடிக் கிடந்தது, கணவர் வீட்டோடு இருந்தார். வெளியே போக எல்லோருக்கும் பயம். அந்த நாட்களில்தான் அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து, கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை ஒன்றை வேப்பமரத்தடிக்கு உருட்டி வந்து, அடியில் பூசி மீன்தொட்டியாக்கினார்கள். கௌராமி குஞ்சு பொரிக்க வைக்கலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். “கடைசியில மாமனார் மருமக ரெண்டு பேரும் என்னைக் கொத்தனாராக்கிட்டீங்க” என்றார் கணவர். அப்பா பேசுவதைப் பார்த்து அவருக்கு உள்ளூர அவ்வளவு சந்தோஷம்.

ஆடியில் ஒரு மழை பெய்தது. உறைத் தொட்டியில் ஆண் கௌராமி நுரை கட்டத் தொடங்கியது. வாயால் காற்றை எடுத்து எடுத்து, தாமரை இலைக்கு அடியில் எச்சில் குமிழ்களை அடுக்கிக் கூடு செய்தது. மாமனார் வயலுக்குப் போவதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முட்டை விழுந்து, குஞ்சு பொரித்து, தண்ணீரின் மேல் தூசி தூவியது போல் அசைந்தபோது, மரத்தடியிலிருந்தே குரல் கொடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஓடி வந்து சமையலறை வாசலில் நின்று, “வாம்மா, சீக்கிரம் வா” என்றார். வரும்போது நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டதையும் கவனிக்கவில்லை.

முதல் சில நாள் வைக்கோல் ஊறவைத்த தண்ணீரை விட்டோம். அதில் உண்டாகும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் அந்த வயதுக் குஞ்சுக்குத் தீனி. அப்புறம் தெள்ளுப்பூச்சியைத் துணியில் வடிகட்டி, சின்னதை மட்டும் எடுத்துப் போட்டோம். குஞ்சுகள் பெருத்தன. அவற்றின் வயிறு சிவப்பாகத் தெரிந்தால் சாப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம். மாமனார் ஒவ்வொரு வேளையும் வயிறு பார்ப்பார். தாம்பரத்து மீன்கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “பெரியவரே, நல்லா வந்திருக்கு. வளந்ததும் சொல்லி அனுப்புங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மாமனார் படப்பை வரை போய்த் தலைமுடி வெட்டிக்கொண்டு வந்தார். ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. பிறகு பேசிப் பேசிச் சிரித்தோம்.

அப்போதுதான் எனக்கு வயிற்றில் குழந்தை தங்கியது. எது வாசனை பட்டாலும் குமட்டல். குட்டைத் தண்ணீரின் பாசி வாடை தூரத்தில் வந்தாலே போதும். வேப்பமரத்தடிக்கே என்னால் போக முடியவில்லை.

“நீ உள்ள படும்மா. நான் பாத்துக்கறேன்” என்றார் மாமனார்.

பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். காலையில் போவார், மொண்டு வருவார், தட்டில் ஊற்றிச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார், வேண்டாததை எடுத்து வீசுவார், மிச்சத்தை உறைத் தொட்டியில் விடுவார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். சில நாள் வந்து வாசலில் நின்று, “கொஞ்சம் கொறையிற மாதிரி கீதும்மா” என்பார். “குஞ்சுல பாதி தங்காது மாமா, சகஜந்தான்” என்று படுத்தபடியே பதில் சொல்வேன்.

புரட்டாசி தொடக்கத்தில் எனக்குக் குமட்டல் ஓய்ந்தது. ஒருநாள் காலை, அவர் பின்னாலேயே நானும் மரத்தடிக்குப் போனேன். நூற்றுக்கணக்கில் இருந்த குஞ்சுகளில், இலைக்கு அடியில் ஒதுங்கி ஒரு சில மட்டும் இருந்தன. வலையை விட்டு அடித் தண்ணீரை அள்ளித் தட்டில் கொட்டினேன். விரல் கணு அளவுக்கு வளர்ந்த தட்டான் குஞ்சுகள் வந்து விழுந்தன. கொழுத்த குஞ்சுகள். மறுபடி அள்ளினேன், மறுபடியும் வந்தன. ஒன்றின் தாடையில் கௌராமிக் குஞ்சு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

மாமனார் குனிந்து பார்த்தார்.

“எப்படியோ ரெண்டு மூணு தப்பி வந்திருக்கு மாமா. பரவாயில்ல” என்றேன்.

“நான் பாத்துதான் ஊத்துனேன்.”

“தெரியும் மாமா. பொடிசா இருக்கும்போது பாசி மாதிரியே இருக்கும். எங்க சாரே ஏமாந்திருக்காரு.”

“பாத்துதாம்மா ஊத்துனேன்” என்றார் மறுபடியும். என்னிடம் சொல்வது போல இல்லை. தட்டை வாங்கினார். முகத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவர் குட்டைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. வலை கூரையில் செருகினபடி இருந்தது. நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். “மிச்சக் குஞ்சு நல்லாத்தான் இருக்கு மாமா. தெள்ளு தீர்ந்துபோச்சு, போயிட்டு வரீங்களா?” என்று கேட்டேன். “மொழங்கால் வலிக்குது” என்றார். சில நாள் கழித்துப் பழையபடி மகனிடமும் மாட்டிடமும் பேச ஆரம்பித்தார். கணவரிடம் சொன்னேன். “விடு. அவர் அப்படித்தான். ஒண்ணு மனசுல விழுந்திச்சுன்னா எழுந்திரிக்க நாளாகும்” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ரோஷக்காரர், மருமகள் முன்னால் தப்பாகிவிட்டது என்று குன்றிப்போயிருக்கிறார், தானே சரியாகும் என்று விட்டுவிட்டேன். மிச்சக் குஞ்சுகளுக்கு வேகவைத்த முட்டை மஞ்சளைக் கரைத்து விட்டேன். புரட்டாசி போய் ஐப்பசி போய்க் கார்த்திகை வந்துவிட்டது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம். மழை விட்டிருந்தது. மாமனார் கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் காப்பி டம்ளரை எடுத்துப் போய் அவருக்கு வலது பக்கத்திலிருந்து நீட்டினேன். வாங்கவில்லை. கோபமோ என்று நினைத்தேன். டம்ளர் அவர் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் நேரே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் கோபம் எதுவும் இல்லை. டம்ளரைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம். மூக்குக்கு நேராக வந்தபோதுதான் திடுக்கிட்டார்.

“எப்போ வந்த?”

டம்ளரைக் கீழே வைத்தேன். அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.

“மாமா, என் மூக்கையே பாருங்க. கண்ண நவுத்தாதீங்க. இந்தக் கை தெரியுதா?”

“எந்தக் கை?”

இடது கையை முழுக்க நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தேன். மெதுவாக உள்ளே கொண்டு வந்தேன். என் காது வரை வந்த பிறகு, “ஆங், இப்போ தெரியுது” என்றார். மறுபக்கமும் அப்படித்தான். ஒரு குழாயை வைத்துக்கொண்டு பார்ப்பவர் போல, நடுவில் இருப்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

தட்டில் நடுவே குதிக்கும் தெள்ளுப்பூச்சி அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளை விளிம்பை ஒட்டிக் கிடந்த தட்டான் குஞ்சு தெரியவில்லை. அதற்காகத்தான் அந்தச் சுற்று. குடத்தில் இடித்துக்கொண்டதும் நிலைப்படியில் இடித்துக்கொண்டதும் அதனால்தான். பூச்சியின் கால் எத்தனை, தாடை எப்படி மடியும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். அவர் தட்டைப் பார்த்தார், நானும் தட்டைப் பார்த்தேன்.

அந்த வாரமே கணவர் லீவு போட்டு, மூன்று பேருமாக மெட்ராஸ் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமனார் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். “நீங்க வரலன்னா நானும் செக்கப்புக்குப் போக மாட்டேன்” என்று வயிற்றைத் தொட்டுக்கொண்டு சொன்னேன். செருப்பை மாட்டினார்.

அங்கே கண்ணில் மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, விளக்கு காட்டி வெகுநேரம் பார்த்தார்கள். டாக்டர் வயதில் சின்னவர், பொறுமையாகப் பேசினார்.

“கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கும்மா. நரம்பு கொஞ்சங் கொஞ்சமா செத்துக்கிட்டே வந்திருக்கு. ஓரத்துலேர்ந்துதான் போகும். வலி இருக்காது. அதனால பல பேருக்குத் தெரியறதே இல்ல.”

“சரியாகிடுமா டாக்டர்?” என்று கணவர் கேட்டார்.

“போனது வராதுங்க. மருந்து விடாமப் போட்டா இருக்கறதை இன்னும் கொஞ்ச வருஷம் காப்பாத்தலாம். முன்னாடியே வந்திருந்தா நிறையக் காப்பாத்தியிருக்கலாம்.”

எவ்வளவு முன்னாடி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இத்தனை மாதம் என்று ஒரு கணக்கு சொல்லியிருப்பார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

திரும்பும்போது பஸ்ஸில் நானும் மாமனாரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். கணவர் முன்னால் நின்றுகொண்டு வந்தார். மழைக்காக ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. தாம்பரம் தாண்டிய பிறகு மாமனார் பேசினார்.

“எனக்குத் தெரியும்மா.”

“என்ன மாமா?”

“கண்ணு. உன் மாமியாரு ஆஸ்பத்திரில கெடந்தப்பவே ஒரு பக்கம் தெரியாமப் போச்சி. அவளாண்ட சொன்னா பயந்துக்குவா. அப்பால அவளும் பூட்டா. ஆஸ்பத்திரி வாசப்படிய மறுபடி மிதிக்க எனக்கு மனசு இல்ல.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா. தினம் எதிர்லயேதானே உட்கார்ந்திருந்தேன்.”

அவர் மெதுவாகச் சொன்னார்.

“சொன்னா கொளத்தாண்ட போவாதன்னு சொல்லுவீங்க. கரையில வழுக்கும், உள்ள வுழுந்துடுவ, ஊட்லயே இருன்னு சொல்லுவீங்க. காலைல எழுந்து போறதுக்கு எனக்கும் ஒரு எடம் வேணும் இல்ல?”

அவர் சொன்னது நிஜம். நாங்கள் அப்படித்தான் சொல்லியிருப்போம். பஸ் படப்பையில் நிற்கிற வரை நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமனார் கையை மருமகள் பிடித்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அவரும் எடுத்துவிடவில்லை.

இன்றைக்கும் எனக்கு ஆறாமல் இருப்பது அந்த மூன்று மாதம்தான். கண் எப்போது போகத் தொடங்கியது என்பது எங்கள் கையில் இல்லை. புரட்டாசியில், தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் நடந்து போனபோது, பின்னாலேயே போய் ஏன் மாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரோஷம் என்று நானே ஒரு பதிலை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். மூன்று மாத மருந்து எவ்வளவு பார்வையைக் காப்பாற்றியிருக்கும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆனால் மூன்று மாதப் பேச்சு போனது எனக்குத் தெரியும்.

மருந்தை நான்தான் விட்டேன். காலையும் மாலையும், தலையைச் சாய்த்துக்கொண்டு குழந்தை மாதிரி உட்காருவார். மறுபடி மீனுக்குத் தீனி எடுக்கப் போகலாம், நானும் கூட வருகிறேன், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரி குட்டைக்கரையில் நிற்கக் கூடாது என்றார். குழந்தை பிறந்த பிறகு கேட்டேன். “கைப்புள்ளைய வெச்சிகினு உனக்கு ஆயிரம் வேல” என்றார். தப்பிப் பிழைத்த கௌராமிகள் அதற்குள் விரல் நீளம் வளர்ந்து நீலம் ஏறியிருந்தன. அவற்றை எடுத்துப் போகத் தாம்பரத்துக் கடைக்காரர் வந்தபோது, மாமனார் எழுந்து வந்து நின்றார். “பையில காத்து நல்லா புடிச்சிக் கட்டு” என்று மட்டும் சொன்னார். கண்ணாடித் தொட்டியில் இருந்த மீன்களும் ஒன்றொன்றாகப் போயின. நான் புதிதாக வாங்கவில்லை. தொட்டியில் கொஞ்ச நாள் அரிசி கொட்டி வைத்திருந்தேன்.

எங்கள் பெண் பள்ளிக்கூடம் போன வருஷங்களில் அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தது. அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூக்குக்கு நேராக வைத்துப் பார்ப்பார். பிறகு அதுவும் இல்லாமல் போனது. பேச்சு மட்டும் குறையவில்லை. அந்த பஸ்ஸுக்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் மறைத்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். மழை பெய்தால் குட்டையில் தண்ணீர் எது வரை ஏறியிருக்கிறது என்று கேட்பார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். சில சமயம் போகாமலே சொல்லியிருக்கிறேன்.

ஒரகடத்தில் கம்பெனிகள் வந்தபோது நிலம் போயிற்று. குட்டையை மண் அடித்து மூடி, மேலே லாரி நிறுத்தும் இடமாக்கினார்கள். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெருவில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டார். என்னிடம் அதன் பிறகு தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை.

அவர் போவதற்கு முந்தின வருஷம், வீட்டுக்குப் பக்கவாட்டில் கட்டியிருந்த அறையை, கார் கம்பெனியில் வேலை பார்க்கும் மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

“அந்தப் புள்ள ரூம்ல இன்னாமோ கொப்புளிக்கிற சத்தம் கேக்குது. இன்னா அது?”

போய்ப் பார்த்தேன். சின்னக் கண்ணாடித் தொட்டி, காற்று விடும் மோட்டார், உள்ளே சில தங்கமீன்கள். மேலே ஒரு டப்பாவில் கடைத் தீனி. வந்து சொன்னேன்.

அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கடைத் தீனிய மட்டும் போட்டுனு கெடந்தா செத்துப்பூடும். வாரத்துல ஒரு நாளாவது உசுரோட எதுனா போடச் சொல்லு. தெள்ளு போடச் சொல்லு.”

நான் போய் அந்தப் பையனிடம் சொன்னேன். தெள்ளு என்றால் என்ன, எப்படி இருக்கும், எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் நின்று விளக்கினேன். அவன் ஆர்வமாகத்தான் கேட்டான்.

“இங்கன எங்கக்கா கிடைக்கும் அது? சொல்லுங்க, ஷிப்ட் முடிஞ்சு வரையில போயி எடுத்துட்டு வந்துர்றேன்” என்றான்.

எந்தப் பக்கம் கை காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே மாமா கேட்டுக்கொண்டிருப்பார் என்பதால், பார்த்துச் சொல்கிறேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.